சவேரியாரின் கல்லறையும் கடலோடு போனவர்களும்



இன்று நவம்பர் 2. இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் திருச்சபை பூசை ஒப்புக்கொடுக்கும் நாள். பிரான்சு நாட்டில் குளூனி மடத்தின் அதிபராயிருந்த புனித ஓடிலோ, 998-ஆம் ஆண்டு வாக்கில் தம் மடங்களில் தொடங்கிய வழக்கம் இது. ஆயிரம் வருடம் தாண்டி நம் உவரிக் கடற்கரை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் நாலைந்து நாளாகவே ஆள் நடமாட்டம். புல் செதுக்குகிறீர்கள், வெள்ளையடிக்கிறீர்கள், சிலுவையில் மங்கிப்போன பெயரை மறுபடி எழுதுகிறீர்கள். வெளியூரில் தொழில் செய்கிற பிள்ளைகள் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். இறந்தவர்களை மறக்காத ஊர் இது. அதற்காக முதலில் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

இன்றைக்கு உங்களோடு ஒரு கல்லறையைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். பழைய கோவாவில், பொம் ஜேசு பசிலிக்காவில் இருக்கிற புனித சவேரியாரின் கல்லறை. உங்களில் சிலர் அதைப் பார்த்திருப்பீர்கள். 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை புனிதரின் உடலை மக்கள் வணக்கத்துக்குக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்வது வழக்கம். மற்ற நாட்களில் போனால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். கீழே பளிங்கும் வண்ணக் கற்களும் இழைத்த உயரமான பீடம். அதன் நான்கு பக்கமும் வெண்கலத் தகடுகள். அவர் போதித்ததும் ஞானஸ்நானம் கொடுத்ததும் துன்பப்பட்டதும் இறந்ததும் அவற்றில் புடைப்புச் சித்திரமாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளிப் பேழை. அந்தப் பேழையை 1636, 1637 வாக்கில் கோவாவின் வெள்ளி ஆசாரிகளே செய்தார்கள். கீழே இருக்கிற பீடம் இத்தாலியிலிருந்து வந்தது. தொஸ்கானா நாட்டு மன்னர் மூன்றாம் கோசிமோ, பிளாரன்ஸ் நகரத்துச் சிற்பி போஜினியைக் கொண்டு பத்து வருடம் செலவழித்துச் செய்வித்தது. சவேரியாரின் தலைக்கு அணையாக இருந்த தலையணையைத் தமக்கு அனுப்பிவைத்ததற்குக் கைம்மாறாக மன்னர் இதைக் கொடுத்தார் என்பார்கள். துண்டு துண்டாகக் கப்பலில் ஏற்றி, கூடவே சிற்பியையும் அனுப்பி, 1698-இல் கோவாவில் பூட்டி நிறுத்தினார்கள்.

அவ்வளவு அழகான கல்லறைக்குள் கிடக்கிறவர், முதலில் எங்கே புதைக்கப்பட்டார் தெரியுமா? மணலில்.

1552 டிசம்பர் 3. சீனாவின் கரைக்கு எதிரே சான்சியான் என்கிற தீவு. சீனாவுக்குள் போக வேண்டும் என்று படகுக்காகக் காத்துக்கிடந்து, காய்ச்சலில் விழுந்து, 46 வயதில் அங்கே இறந்துபோனார். பக்கத்தில் இருந்தது அந்தோணி என்கிற சீனத் தோழர் ஒருவர். அடக்கத்துக்கு நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின்னால் எலும்பையாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று, சதை சீக்கிரம் கரைவதற்காகப் பெட்டிக்குள் சுண்ணாம்பைக் கொட்டித்தான் புதைத்தார்கள். இரண்டரை மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது உடல் அழியாமல் இருந்தது. அங்கிருந்து மலாக்கா, மலாக்காவிலிருந்து 1554 மார்ச்சில் கோவா. இன்றைக்கு நாம் பார்க்கிற பளிங்கு, அவர் இறந்து கிட்டத்தட்ட 146 வருடம் கழித்து வந்தது. மன்னரும் அவரைப் பார்த்ததில்லை, சிற்பியும் பார்த்ததில்லை.

அவரைப் பார்த்தவர்கள் யார்? நம் முன்னோர்கள்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. 1542 அக்டோபரில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்கினார். இந்தக் கரையில் ஊர் ஊராக நடந்தார். செபங்களை இங்குள்ளவர்களைக் கொண்டே தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது, செபம் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போகிறது என்று 1544 ஜனவரியில் ரோமாபுரிக்குக் கடிதம் எழுதினார். அந்த வலது கையின் முன்பகுதியை 1614-இல் ரோமுக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அங்கே சேசு ஆலயத்தில் இருக்கிறது. ஓய்ந்துபோன கை அதுதான். இந்தக் கரையில் ஓய்ந்துபோனது.

அதே 1544-ஆம் வருடத்தில் நடந்த ஒன்றை நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். குமரிமுனைப் பக்கத்து ஊர்களில் வடுகர் படை புகுந்து கொள்ளையடித்தது. சனங்கள் உயிருக்குப் பயந்து கடலுக்குள் இருக்கிற பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, சாப்பிட ஒன்றும் இல்லை. மணப்பாட்டில் இருந்த சவேரியாருக்குச் செய்தி வந்தது. இருபது தோணிகளைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். காற்று எதிர்த்து அடித்தது, தோணி போகவில்லை. பிறகு கால்நடையாகவே குமரிக்குப் போனார். மணப்பாட்டுக்கும் குமரிமுனைக்கும் நடுவில்தானே நம் ஊர் இருக்கிறது! பசித்தவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்று, வெயிலில், மணலில், இந்தக் கரையோரமாக நடந்த மனிதர் அவர். கோவாவின் வெண்கலத் தகட்டில் அந்த நடை இல்லை. அதைச் செதுக்க வேண்டிய இடம் நம் மனசு.

தீர்க்கதரிசிகளுக்குக் கல்லறை கட்டி, நீதிமான்களின் சமாதிகளை அலங்கரித்துவிட்டு, அவர்கள் சொன்னதைச் செய்யாமல் போனவர்களை ஆண்டவர் இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கோவாவுக்குப் போய்ச் சவேரியாரைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள், பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாததைக் கண்டும் காணாததுபோல் இருந்தால், அந்தக் கண்டிப்பு நமக்கும்தான்.

அன்பானவர்களே, நான் கல்லறை கட்டுவதற்கு விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். இறந்தவரின் உடல் பரிசுத்தமானது. ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட உடல். நற்கருணை வாங்கிய உடல். ஆபிரகாமை நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதையும் தருவேன் என்று கடவுள் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அவர் கைக்கு வந்த முதல் நிலம், மனைவி சாராவைப் புதைக்க எபிரோனில் நானூறு செக்கேல் வெள்ளி எண்ணிக்கொடுத்து வாங்கிய குகைதான். பேரம் பேசாமல் கொடுத்தார். அன்பு வைத்தவர்களுக்கு ஒரு நல்ல இடம் வேண்டும் என்கிற ஆசை மனுஷத் தன்மையோடு பிறந்த ஆசை.

இத்தாலியில் ஜெனோவா என்று ஒரு துறைமுகப் பட்டணம். நம்மைப்போல் கடலை நம்பி வாழ்ந்தவர்களின் ஊர். அங்கே ஸ்டாலியேனோ என்கிற புகழ்பெற்ற கல்லறைத் தோட்டம், 1851-இல் திறந்தது. மாட மாடமாக, மண்டபம் மண்டபமாக, பணக்கார வணிகர்களின் பளிங்குச் சிலைகள் வரிசையாக நிற்கும். அந்தப் பெரிய மனிதர்களுக்கு நடுவில் ஒரு ஏழை அம்மாளின் சிலையும் நிற்கிறது. கத்தரீனா கம்போதோனிக்கோ என்று பெயர். திருவிழாத் திருவிழாவாகப் போய், கொட்டைப் பருப்புகளைக் கோத்த மாலைகளையும் வளைய ரொட்டிகளையும் விற்றுப் பிழைத்தவர். வாழ்நாள் முழுவதும் சேர்த்த காசைக் கொடுத்து, லொரென்சோ ஒரெங்கோ என்கிற பேர்போன சிற்பியைக் கொண்டு 1881-இல் தம் சிலையைத் தாமே செய்துவைத்துக்கொண்டார். அந்தச் சிலையின் கையில் அந்தப் பருப்பு மாலையும் ரொட்டியும் அப்படியே இருக்கின்றன. மழையிலும் வெயிலிலும் நின்று வியாபாரம் செய்த ஒரு பெண், நானும் இந்த உலகத்தில் இருந்தேன் என்று சொல்ல ஆசைப்பட்டார். அதில் நான் குற்றம் காணமாட்டேன். என் மனசைத் தொட்டது அந்தச் சிலையின் கீழே செதுக்கியிருக்கிற பாட்டு எங்கே போய் முடிகிறது என்பதுதான். வழியே போகிறவர்களே, எனக்காகச் செபியுங்கள் என்கிற கருத்தில் முடிகிறது. சேர்த்த காசெல்லாம் கொடுத்துப் பளிங்கு வாங்கியாயிற்று. அதற்குப் பிறகும் அந்த அம்மாள் ஒன்றுக்காகக் கை நீட்ட வேண்டியிருந்தது. அதைப் பளிங்கால் கொடுக்க முடியாது. போகிறவர் வருகிறவர்தான் கொடுக்க முடியும்.

அதனால்தான் உங்களிடம் ஒன்றைத் திறந்து சொல்கிறேன். நம் கரையூர்களில் கல்லறை கட்டுவதில் ஒருவருக்கொருவர் போட்டி வந்துகொண்டிருக்கிறது. அவர் சிமெண்டில் கட்டினால் இவர் டைல்ஸ் ஒட்டுகிறார், அடுத்தவர் கிரானைட் போடுகிறார், அதற்கடுத்தவர் கூரை எழுப்புகிறார். வசதி உள்ளவர்கள் செய்யட்டும், அளவோடு செய்யட்டும். ஆனால் அடக்கச் செலவுக்கே கடன்பட்டு நிற்கிற ஒரு விதவைத் தாய், ஊர் என்ன சொல்லுமோ என்று வட்டிக்கு வாங்கிக் கல் வாங்கினால், அது இறந்தவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அந்தப் பணம் பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம். அந்தப் பணம் வலைக்குப் போட வேண்டிய முதல். இறந்துபோன தகப்பன் எழுந்து வந்து பேச முடியுமானால், கல்லை எடுத்துவிட்டுப் பிள்ளையைப் படிக்கவை என்றுதான் சொல்லுவான். இன்னொன்றையும் யோசியுங்கள். கல்லறைத் தோட்டம் ஊருக்குப் பொது. ஒரு குடும்பம் நிரந்தரமாகக் கல்லால் மூடி வளைத்துக்கொள்கிற ஆறடி, நாளைக்கு வேறொரு குடும்பத்துக்குக் கிடைக்காமல் போகிற ஆறடி. அரசரின் அரண்மனை அதிகாரியாயிருந்த செபுனா, உயரமான பாறையில் தனக்கென்று கல்லறை வெட்டிக்கொண்டதற்காக ஏசாயா தீர்க்கதரிசி எப்படிக் கேட்டார் என்று 22-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீட்டில் எடுத்து வாசியுங்கள்.

நம் ஆண்டவருக்குச் சொந்தக் கல்லறை கிடையாது. அரிமத்தேயா ஊர் யோசேப்பு தமக்கென்று வெட்டிவைத்திருந்ததைக் கொடுத்தார். இரவல் இடம். மூன்றாம் நாள் அதையும் காலி செய்துவிட்டார்!

2025 ஏப்ரல் 21-ஐ நாம் மறக்கமாட்டோம். அன்றுதான் திருத்தந்தை பிரான்சிஸ் இறந்தார். 26-ஆம் தேதி அடக்கம். எங்கே அடக்கம் செய்தார்கள்? ரோமில் மரியன்னை பேராலயத்தில். அது எந்த ஆலயம் என்று நினைக்கிறீர்கள்? ஆகஸ்டு 5 அன்று தூத்துக்குடியில் நாம் கொண்டாடுகிற பனிமய மாதாவின் ஆலயம் அதுதான். அந்த மாதாவின் பெயரில்தான் நம் மறைமாவட்டத்தின் பசிலிக்கா நிற்கிறது. நம் தாயின் வீட்டிலே அவர் படுத்திருக்கிறார். 2022-லேயே உயில் எழுதிவைத்துவிட்டார்: தரையில், சாதாரணமாக, எந்த அலங்காரமும் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்ற கருத்தில். அப்படியே செய்தார்கள். லத்தீனில் அவர் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. கல்கூட, ஜெனோவா இருக்கிற அதே லிகூரியா மாநிலத்துக் கல், அவர் முன்னோரின் நாட்டுக் கல். கோடிக்கணக்கான சனங்களுக்கு மேய்ப்பராயிருந்தவருக்கு அது போதுமாயிருந்தது.

நம் பாதுகாவலர் அந்தோனியாருக்கும் பதுவையில் அழகான கல்லறை இருக்கிறது. சுற்றிலும் ஒன்பது பளிங்குச் சித்திரங்கள். அங்கே போகிறவர்கள் கல்லில் உள்ளங்கையை வைத்துச் செபிப்பார்கள். அவர் 1231 ஜூன் 13-இல் இறந்தார். உடல் எங்களுக்கு, உங்களுக்கு என்று இரண்டு தரப்பும் சண்டை போட்டதில் அடக்கம் தள்ளிப்போய், 17-ஆம் தேதி செவ்வாய்க்கிழமைதான் நடந்தது. நீங்கள் பதின்மூன்று செவ்வாய் நேர்ச்சை வைக்கிறீர்களே, சாதி மதம் பார்க்காமல் எங்கெங்கிருந்தோ சனங்கள் செவ்வாய் தோறும் உவரி மணலுக்கு வந்து கிடக்கிறார்களே, அந்தச் செவ்வாய் அவருடைய அடக்க நாள். ஒரு அடக்க நாளை எட்டு நூற்றாண்டு கழித்தும் நோயாளிகளும் துயரப்படுகிறவர்களும் ஆறுதல் தேடி வருகிற நாளாக ஆண்டவர் ஆக்கிவைத்திருக்கிறார்.

இனி, நான் பேச வந்ததின் நடுப்பகுதிக்கு வருகிறேன். கல்லறையே இல்லாதவர்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாக்களில் சிலருக்கு இன்று சாயங்காலம் மெழுகுதிரி கொளுத்த ஒரு இடம் கிடையாது. எல்லாரும் பூவும் சாம்பிராணியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது நீங்கள் எந்தக் குழியண்டை போய் நிற்பது என்று தெரியாமல் நிற்கிறீர்கள். தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் கிடைத்தது, அல்லது அதுவும் கிடைக்கவில்லை. 2017-இல் சவேரியார் திருநாளுக்கு மூன்று நாள் முன்னால், நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று குமரி மாவட்டத்து ஊர்களில் இப்படி எத்தனை வீடுகள்! ஆழ்கடலுக்குப் போனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. எத்தனையோ பேருடைய உடலும் கரைக்கு வரவில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது உடல் கிடைத்தவர்களுக்கும் தனிக் குழி கிடைக்கவில்லை. குளச்சலில் நூற்றுக்கணக்கானவர்களைப் பொதுக் குழியில்தான் அடக்கம் செய்தார்கள்.

உடல் கிடைக்காத வீட்டின் துக்கம் வேறு மாதிரியான துக்கம். பொதுவாக, ஏழு வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் ஒருவர் இறந்துவிட்டதாகக் கருதச் சட்டம் இடம் கொடுக்கிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் பாங்குக் கணக்கு, நிவாரணப் பணம், எல்லாவற்றுக்கும் அலைச்சல். அதைவிடக் கொடுமை, தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று அந்தப் பெண்ணால் தீர்மானிக்க முடியாமல் போவது. கதவு தட்டும் சத்தம் கேட்டால் இன்னமும் நெஞ்சு அடித்துக்கொள்வது. ஊர் அவளை விதவை என்றும் சேர்ப்பதில்லை, சுமங்கலி என்றும் சேர்ப்பதில்லை.

அம்மா, உங்களுக்குத் திருச்சபை சொல்கிறது: உடல் இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டுக்காரருக்கு அடக்கப் பூசை உண்டு, செபம் உண்டு, பெயர் சொல்லி ஒப்புக்கொடுத்தல் உண்டு. மோசேயை ஆண்டவரே அடக்கம் செய்தார். அந்த இடம் இந்நாள் வரை ஒரு மனிதனுக்கும் தெரியாது என்று உபாகமம் முடிகிற இடத்தில் இருக்கிறது. மோசேக்குக் கல்லறை தெரியவில்லை என்பதால் கடவுளுக்கு அவர் தொலைந்துபோனாரா? தாபோர் மலையில் இயேசுவோடு நின்று பேசியவர் அவர்தான். கடைசி நாளைப் பற்றி யோவான் கண்ட காட்சியில், தன்னிடம் இருந்த இறந்தோரைக் கடல் ஒப்படைத்ததாக வாசிக்கிறோம். சாவுக்கும் பாதாளத்துக்கும் முன்னால் கடலின் பெயரைச் சொல்கிறது வேதம். கடல்புறத்துச் சனங்களாகிய நாம் இதைப் பொன்னெழுத்தில் எழுதி வைக்க வேண்டும். கடல் எடுத்துக்கொண்ட ஒருவரும் ஆண்டவர் கணக்கில் விடுபட்டுப்போகவில்லை. நம்மை விட்டுப் போனவரைத் திரும்பக் கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது; கேட்பார்; கடல் கொடுக்கும்.

நம் பக்கத்தில் வடக்கன்குளத்தில் 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயத்தை, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொன்று உடலைக் காட்டில் எறிந்துவிட்டுப் போனார்கள். எலும்புகளைத்தான் விசுவாசிகள் பொறுக்கிக் கொண்டுவந்து கோட்டாற்றில் சவேரியார் கோவில் பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று உலகத்துக்கு அறிவித்தது. எறியப்பட்ட உடல், மணலில் புதைந்த உடல், கடலோடு போன உடல், எதுவும் உயிர்ப்புக்குத் தடையில்லை.

அதனால் இந்த வருடம் மூன்று காரியம் கேட்கிறேன்.

கல்லறை மந்திரிப்பு இன்று சாயங்காலம் தோட்டத்தின் வாசலில் தொடங்காது. கடற்கரையில் தொடங்கும். தண்ணீரைப் பார்த்து நின்று, கடலில் இறந்த நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்காகவும் முதல் செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துவிட்டு, பிறகுதான் தோட்டத்துக்கு வருவோம். உடல் கிடைக்காத வீட்டுக்காரர்கள் முன்னால் வந்து நில்லுங்கள். ஊர் உங்களுக்குப் பின்னால் நிற்கும்.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபிக்கிறவர்கள், பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, பாவப் பற்றை விட்டு, திருத்தந்தையின் கருத்துக்காகவும் செபித்தால், உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்குப் பரிபூரண பலனை ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபை அனுமதித்திருக்கிறது. ஒரு நாள் கூட்டத்தோடு வந்து போவதோடு நிறுத்தாதீர்கள். எட்டாம் தேதி வரை தினமும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து வாருங்கள். உங்கள் குடும்பத்துக் கல்லறையில் முடித்ததும், திரி ஏற்ற ஆளில்லாத ஒரு கல்லறையிலும் நின்று ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.

மூன்றாவது, பணம். யூதா மக்கபே போரில் விழுந்தவர்களுக்காகத் தம் வீரர்களிடம் இரண்டாயிரம் வெள்ளிக் காசு பிரித்தார். அதை எடுத்து நினைவுத்தூண் எழுப்பவில்லை. பாவப் பரிகாரப் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினார். இந்த வருடம் கல்லறைக்குக் கல் வாங்க நினைத்திருக்கிறவர்கள், அதில் ஒரு பங்கைக் கடலில் ஆளைப் பறிகொடுத்த ஒரு வீட்டுப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுங்கள். இறந்தவர் பெயரிலேயே கொடுங்கள். யார் கொடுத்தது என்று நான் கோவிலில் வாசிக்கமாட்டேன்.

உங்கள் குடும்பத்தில் கடலோடு போனவர்களின் பெயர்களை இன்று பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் எழுதிக்கொடுங்கள். தாத்தா காலத்துப் பெயராயிருந்தாலும் பரவாயில்லை, வயசு, வருடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடற்கரையில் அந்தப் பெயர்கள் அத்தனையும் வாசிக்கப்படும். ஒரு பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.